காப்பி எடுக்கும் மாதங்கள்

அன்புள்ள அக்கா,

பழனி மலையின் கீழ்மலையில், தாண்டிக்குடிப் பக்கம், ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். மொத்தமே நான்கு பேர். இரண்டு பளியர் பழங்குடிக் குடியிருப்புகளில் பிள்ளைகளின் படிப்புக்காக ஆறு வருடமாக உழைக்கிறோம். இதுவரை நண்பர்கள் தரும் நன்கொடையில் ஓடியது. போன இரண்டு வருடத்தில் மூன்று இடங்களுக்கு நிதி கேட்டுப் புரபோசல் அனுப்பினோம். இரண்டு இடத்திலிருந்து பதிலே இல்லை. மூன்றாவது ஒரு கம்பெனியின் சி.எஸ்.ஆர். பிரிவு, அதாவது சமூகப் பொறுப்புக்காகக் கம்பெனி ஒதுக்கும் பணத்தைப் பார்த்துக்கொள்ளும் பிரிவு. 'தேவை தெளிவாக நிறுவப்படவில்லை' என்று ஒற்றை வரியில் திருப்பிவிட்டார்கள். அதை எழுதித் தந்த வெளியூர் கன்சல்டன்ட்டுக்கு எங்கள் சக்திக்கு மீறிய பணம் கொடுத்திருந்தோம். நல்ல ஆங்கிலம் என்று எல்லோரும் சொன்னார்கள். எங்களுக்கே முழுசாகப் புரியவில்லை.

நீங்கள் நீலகிரியில் பல வருடம் இந்த வேலையைச் செய்தவர் என்று உங்கள் கட்டுரைகளில் படித்தேன். எங்களைப் போன்றவர்களுக்கு ஆங்கிலம்தான் தடையா? புரபோசலை இணைத்திருக்கிறேன். மற்றவர்களுக்கும் பயன்படும் என்றால் பதிலைப் பொதுவிலேயே எழுதுங்கள். பெயர் மட்டும் வேண்டாம்.

ஒரு வாசகன், கீழ்மலை


அன்புள்ள தம்பி,

உங்கள் 22 பக்கத்தையும் இரண்டு முறை படித்தேன். அதன் பிறகுதான் உங்களுக்குப் போன் செய்தேன். போனில் அரை மணி நேரத்தில் நீங்கள் சொன்னவற்றில் முக்கியமான எதுவும் அந்த 22 பக்கத்தில் இல்லை. எனக்கு அது பெரிய வருத்தம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அந்த ஒற்றை வரிப் பதில் உங்களைத் தட்டிக்கழிக்கச் சொன்னது என்று நினைக்கிறீர்கள். எனக்கு அப்படிப் படவில்லை. உங்கள் புரபோசலில் தேவையைச் சொல்லும் பத்தி, தமிழில், இதுதான்:

"இப்பகுதிப் பளியர் பிள்ளைகள் கல்வியில் மிகவும் பின்தங்கியுள்ளனர். இங்கு மாலை நேரப் படிப்பு மையம் எதுவும் இல்லை. எனவே மாலை நேரப் படிப்பு மையம் அமைப்பது அவசரத் தேவையாகும்."

ஊரில் கிணறு இல்லை, அதனால் கிணறு வேண்டும் என்று சொல்வதைப் போல இருக்கிறது இது. தண்ணீருக்கு இப்போது எங்கே போகிறார்கள், எவ்வளவு தூரம் நடக்கிறார்கள், சித்திரை மாதத்தில் என்ன செய்கிறார்கள் என்று சொன்னால்தான் கேட்பவருக்குத் தாகம் தெரியும். படிக்கிறவர் இன்னொன்றும் கேட்பார். 2021-ல் அரசே 'இல்லம் தேடிக் கல்வி' என்று தன்னார்வலர்களை வைத்து மாலை நேர வகுப்புகளைத் தொடங்கியதே, அது உங்கள் குடியிருப்புக்கு வந்ததா? வந்திருந்தால் ஏன் போதவில்லை? இதற்குப் பதில் உங்களிடம் இருக்கிறது, காகிதத்தில் இல்லை. அரசுத் திட்டங்களைப் பற்றி வாய் திறக்காமல் இருந்தால் நம் தேவை பெரிதாகத் தெரியும் என்று நம் ஆட்கள் பலர் நினைக்கிறார்கள். படிப்பவருக்கோ இவர்களுக்கு ஊர் நிலவரம் தெரியாது என்றுதான் தோன்றும்.

இனி, போனில் நீங்கள் சொன்னது. பிள்ளைகள் எப்போது பள்ளியை விட்டு நிற்கிறார்கள் என்று கேட்டேன். யோசிக்காமல் சொன்னீர்கள்: "நவம்பர் பொறந்தா காப்பிப் பழம் எடுக்க எஸ்டேட்டுக்குப் போயிருவாங்கக்கா. பொங்கல் தாண்டித்தான் வருவாங்க. பிள்ளைகளையும் கூட்டிட்டுப் போயிருவாங்க." அரையாண்டுத் தேர்வு அந்த நாட்களில்தான் வருகிறது. எழுதாத பிள்ளை தை மாதம் திரும்பி வந்து வகுப்பில் உட்காரக் கூச்சப்படுகிறது, அப்படியே நின்றுவிடுகிறது. பிறகு போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னீர்கள். பாட்டி இருக்கிற வீட்டுப் பிள்ளைகள் மட்டும் தவறாமல் வருகிறார்கள், பாட்டி பார்த்துக்கொள்வதால் பெற்றோர் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று.

தம்பி, புரபோசல் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. மாலை நேர மையம் கட்டினால் டிசம்பரில் அங்கே யார் வருவார்கள்? பிள்ளைகள் ஊரிலேயே இல்லையே. உங்களுக்குத் தேவை அந்த மூன்று மாதத்துக்கு, பாட்டி இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பாட்டி. இரவு தங்க நம்பகமான ஓர் இடம், சமைத்துப் போட ஓர் ஆள், பள்ளிக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவர ஓர் ஆள். ஆறு வருடமாக உங்களுக்குத் தெரிந்ததுதான் இது. ஆனால் 'புரபோசல்' என்றதும் மையம், கம்ப்யூட்டர், பயிற்சி என்று மற்றவர்கள் கேட்பதையே நாமும் கேட்க ஆரம்பித்துவிடுகிறோம்.

அந்தப் பத்தியை நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"எங்கள் இரண்டு குடியிருப்புகளில் பள்ளி வயதுப் பிள்ளைகள் 34 பேர். கடந்த மூன்று ஆண்டுகளின் வருகைப் பதிவேட்டின்படி செப்டம்பரில் ஒரு நாளைக்குச் சராசரியாக ___ பேர் பள்ளிக்கு வந்தார்கள். டிசம்பரில் ___ பேர். அந்த மாதங்களில் பெற்றோர் காப்பிப் பழம் எடுக்க எஸ்டேட்களில் தங்கிவிடுகிறார்கள். வீட்டில் பார்த்துக்கொள்ள முதியவர் இருந்த ___ பிள்ளைகளில் ___ பேர் தொடர்ந்து வந்தார்கள். முதியவர் இல்லாத ___ பேரில் தொடர்ந்து வந்தவர்கள் ___ பேர். படிப்பைப் பாதியில் விட்டவர்களில் ___ பேர் தை மாதத்தில் திரும்பி வராதவர்கள்."

கோடிட்ட இடங்களை நான் நிரப்ப முடியாது. நீங்கள் தலைமையாசிரியரைப் பார்த்து, நிறுவனத்தின் லெட்டர்பேடில் ஒரு கடிதம் கொடுத்து, பிள்ளைகளின் பெயர் வேண்டாம், எண்ணிக்கை மட்டும் போதும் என்று சொல்லிக் கேளுங்கள். பிறகு வீடு வீடாகப் போங்கள். 34 பிள்ளைகள்தானே, நாலு பேர் நாலு நாள் நடந்தால் முடிந்துவிடும். கணக்கு நீங்கள் நினைத்ததற்கு மாறாக வந்தாலும் வரட்டும். பாட்டி இல்லாத பிள்ளைகளும் ஒழுங்காக வருகிறார்கள் என்று தெரிந்தால் நம் காரணம் தவறு, வேறு காரணம் தேடவேண்டும். பணம் வாங்கிச் செலவழித்த பிறகு தெரிவதற்கு இப்போதே தெரிவது எவ்வளவோ மேல்.

இப்படி எழுதினால் இன்னொரு தலைவலியும் தீரும். 'என்ன மாற்றம் வரும், எப்படி அளப்பீர்கள்' என்ற கேள்விக்குக் கன்சல்டன்ட் ஆறு பக்க அட்டவணை போட்டிருக்கிறார். '34 பிள்ளைகள் பயனடைவார்கள், 12 கூட்டங்கள் நடத்தப்படும்' என்கிறார். கூட்டம் நடத்துவது நாம் செய்யும் வேலை. அதனால் பிள்ளைக்கு என்ன ஆனது என்பதுதான் கேள்வி. நீங்கள் ஒரே வரியில் சொல்லலாம்: டிசம்பர் மாத வருகை செப்டம்பர் மாத வருகைக்குச் சமமாக இருக்கும். அதை அளக்கும் பதிவேடு பள்ளியிலேயே இருக்கிறது. காசு கொடுத்து யாரையும் ஆய்வுக்குக் கூப்பிட வேண்டாம்.

பட்ஜெட்டைக் கடைசியில் போடாதீர்கள். முதலில் போடுங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை ஒவ்வொரு நாளும் என்ன நடக்கும் என்று மனதில் ஓட்டிப் பார்த்து எழுதுங்கள்: அரிசி, விறகு அல்லது கேஸ், போர்வை, சமைக்கும் அம்மாவுக்குச் சம்பளம், மழையில் ரோடு சரிந்தால் சுற்றிப் போகும் ஜீப்புக்கு வாடகை. உங்கள் பழைய பட்ஜெட்டில் ஐந்து கம்ப்யூட்டர் இருக்கிறது, ஜீப் இல்லை. மலையில் வேலை செய்கிறவர்கள் ஜீப் வாடகையை எழுதாமல் விட்டால் படிப்பவர் எப்படி நம்புவார்? அதைவிட எனக்குப் பொறுக்காதது, உங்கள் நாலு பேரின் சம்பளத்தைப் 'பயிற்சிச் செலவு' என்ற தலைப்புக்குள் ஒளித்து வைத்திருப்பது. சி.எஸ்.ஆர். பணத்தில் நிர்வாகச் செலவு 5 சதவீதம்தான் என்று யாரோ சொன்னதாகச் சொன்னீர்கள். அந்த 5 சதவீதம் கம்பெனி தன் சி.எஸ்.ஆர். நிர்வாகத்துக்குச் செய்யும் செலவுக்கான வரம்பு. ஒரு திட்டத்தை நேரடியாக நடத்தவும் கண்காணிக்கவும் ஆகும் செலவு அதில் சேராது என்று 2021-ல் திருத்திய விதியே சொல்கிறது. தினமும் குடியிருப்புக்கு நடந்து போகும் களப்பணியாளரின் சம்பளம் திட்டச் செலவு. தலை நிமிர்ந்து எழுதுங்கள். கம்பெனி அதைக் குறைக்கச் சொன்னால் பேசலாம். ஒளித்து வைத்தது ஆடிட்டில் தெரிந்தால் பேச வாயிருக்காது.

நானும் பட்டிருக்கிறேன். நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் வேலை பார்த்த காலத்தில் மரக்கன்று நடும் திட்டம் ஒன்று எழுதினேன். ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கும், அதற்குள் நட்டுவிடுவோம் என்று எழுதியிருந்தேன். ஒப்புதல், ஒப்பந்தம், முதல் தவணை என்று பணம் வந்து சேர்ந்தது செப்டம்பர் கடைசியில். மார்ச்சுக்குள் செலவுக் கணக்கு காட்டவேண்டும் என்பதால் காத்திருக்கவும் தைரியம் இல்லை, நட்டோம். பிப்ரவரி வெயிலில் வரிசை வரிசையாகக் காய்ந்தன. பழங்குடிப் பெண்கள் தலையில் சுமந்து ஏற்றிய கன்றுகள் அவை. அவர்கள் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அதுதான் இன்றும் உறுத்துகிறது. பணம் தாமதமானால் நடுவதை அடுத்த ஜூனுக்குத் தள்ளுவோம் என்று ஒரே ஒரு வரி நான் எழுதியிருக்கவேண்டும். உங்களுக்கும் அது பொருந்தும். அக்டோபர் 15-க்குள் முதல் தவணை வராவிட்டால் இந்த ஆண்டு என்ன செய்வீர்கள் என்பதை இப்போதே எழுதிவிடுங்கள்.

உங்கள் காலஅட்டவணையைப் பார்த்ததும் எனக்குக் கூடலூர்தான் ஞாபகம் வந்தது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை, களப்பணி இல்லை. நவம்பரில் தீவிரக் களப்பணி என்று இருக்கிறது. கீழ்மலையில் கனமழை வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி கார்த்திகையில்தானே? பளியர்களைப் 'பண்டைய பழங்குடியினர்' என்றும் ஓரிடத்தில் எழுதியிருக்கிறது. தமிழ்நாட்டில் அரசு அந்த வகையில் சேர்த்திருப்பது தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்ற ஆறு பேரை. பளியர் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள், அந்த ஆறில் இல்லை. நீலகிரிக்கு எழுதிய எதையோ எடுத்துக் கன்சல்டன்ட் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார் என்று விவரம் தெரிந்தவர் ஒரு நிமிடத்தில் கண்டுபிடிப்பார். அதற்குப் பிறகு நீங்கள் எழுதிய உண்மையும் அவர் கண்ணில் பொய்யாகிவிடும்.

அட்டைப் படத்தையும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். கிழிந்த சட்டையோடு அழுத முகத்தோடு ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் கேட்டீர்களா? புதிய புரபோசலைத் தமிழில் எழுதி, குடியிருப்பில் எல்லோரையும் உட்காரவைத்து வாசித்துக் காட்டுங்கள். எந்த வரியில் அவர்கள் முகம் சுருங்குகிறதோ அந்த வரியை அடியுங்கள். பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகச் சம்மதமா, யார் சமைக்கவேண்டும், யாரை நம்பி விடுவார்கள் என்பதெல்லாம் அந்தக் கூட்டத்தில்தான் தெரியும். உங்கள் நாலு பேரில் ஒருவர் அதே குடியிருப்பில் பிறந்து பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண் என்றீர்கள். 'ஏன் இந்த நிறுவனத்துக்குத் தரவேண்டும்' என்ற கேள்விக்கு அவரைவிட நல்ல பதில் உண்டா? அவரைப் பற்றி ஒரு வரிகூட எழுதப்படவில்லை.

ஆங்கிலத்துக்கு வருகிறேன். தடை ஆங்கிலம் இல்லை. தமிழில் தெளிவாக எழுதியதைச் சின்னச் சின்ன வாக்கியமாக மொழிபெயர்க்கப் பள்ளி ஆசிரியர் ஒருவர் போதும். யாரிடம் கேட்கிறோம் என்பதுதான் முக்கியம். நீங்கள் கேட்டது 38 லட்சம். கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவின்படி நிகர லாபம் 5 கோடியைத் தொட்ட கம்பெனிக்கே சி.எஸ்.ஆர். கடமை வந்துவிடும். மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் என்றால் 5 கோடிக்கு 10 லட்சம். திண்டுக்கல்லிலோ கோவையிலோ அப்படி ஒரு நூல் மில் இருந்தால் அதனிடம் 38 லட்சம் கேட்பதில் பொருளில்லை. மூன்று மாதத்துக்கு 4 லட்சம் கேட்டால் அவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள். 50 லட்சத்துக்குள் சி.எஸ்.ஆர். செலவு உள்ள கம்பெனிகள் தனிக் குழு அமைக்கவேண்டியதில்லை, இயக்குநர் குழுவே முடிவு செய்யலாம். உங்கள் தாளைப் படிப்பவர் மில் முதலாளியாகவே இருக்கலாம், அவர் தமிழில் படிக்கவே விரும்பலாம். உள்ளூர்ப் பகுதிக்கு முன்னுரிமை தரவேண்டும் என்று சட்டமும் சொல்கிறது. உங்களிடம் வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகள் இருக்கின்றன என்றீர்கள். சி.எஸ்.ஆர். பணம் வாங்கி வேலை செய்யும் நிறுவனங்களுக்கு சி.எஸ்.ஆர்-1 பதிவு எண் 2021 ஏப்ரல் முதல் கட்டாயம், அதை முதல் வேலையாக வாங்கிவிடுங்கள்.

வெளிநாட்டு நிதியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். வெளிநாட்டு நிதிச் சட்டப் பதிவுக்கே கடைசி மூன்று நிதியாண்டுகளில் 15 லட்சமாவது செலவழித்திருக்கவேண்டும். பெரிய நிறுவனம் தான் வாங்கியதில் ஒரு பங்கைச் சிறிய நிறுவனத்துக்குத் தரும் வழியையும் அந்தச் சட்டத்தின் 2020 திருத்தம் அடைத்துவிட்டது. மலைப் பகுதியின் சிறிய அமைப்புகள் பல அதில்தான் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தன.

ஐந்து பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். வருகைப் பதிவேட்டுக் கணக்கு கைக்கு வந்ததும், குடியிருப்பில் வாசித்த பிறகு, எனக்கு அனுப்புங்கள். பட்ஜெட்டை நாம் இருவரும் போனில் வரி வரியாகப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
அக்கா
கோத்தகிரி