எஃப்டிபி (சர்வரில் கோப்புகளை ஏற்றி இறக்கும் முறை) வழியாக வருபவர்கள் கோப்பைப் படிக்கலாம், அழிக்கக் கூடாது. கோப்புக்கு 444 அனுமதி (எல்லோருக்கும் படிக்க மட்டும்) போட்டால் போதுமா?

போதாது. நானும் 444 போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியவன்தான்.

காரைக்குடி பக்கம் எங்கள் பூர்வீக வீடு, பங்காளிகளில் பாதிப் பேர் சிங்கப்பூர், மலேசியா. ஐயா காலத்து ரங்கூன் கணக்குப் பேரேடுகளை ஸ்கேன் செய்து, என் கணக்கிலிருந்து சர்வரில் ஏற்றி, அவர்கள் எடுத்துக்கொள்ளப் பொதுவாக ஒரு எஃப்டிபி கணக்கும் கொடுத்தேன். அண்ணன் ஒருவர் ராத்திரி பதினோரு மணிக்குக் கூப்பிட்டு, "கல்யாணப் போட்டோ ஏற மாட்டேங்குது" என்றதால் ஃபோல்டருக்கு மட்டும் 777, அதாவது யார் வேண்டுமானாலும் எழுதலாம். யாரைக் கேட்டாலும் அதைத்தானே சொல்கிறார்கள்!

ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டு பேரேடு முழுசாகக் காணோம். அதே அண்ணன்தான். "ஒரே மாதிரி நிறைய கிடந்துச்சு, ஒதுங்க வச்சேன்" என்றார். பேக்கப் இல்லையா என்று கேட்காதீர்கள், இல்லை. மாடிப் பெட்டியிலிருந்து எடுத்து மறுபடி ஸ்கேன் செய்ய ஒரு வாரம் போனது.

லினக்ஸில் ஒரு கோப்பை அழிக்கவோ பெயர் மாற்றவோ அந்தக் கோப்பில் எழுதும் அனுமதி தேவையில்லை, அது இருக்கிற ஃபோல்டரில் அந்த அனுமதி இருந்தால் போதும். வளவு அறையில் பெட்டியைப் பூட்டிவிட்டு அறைக் கதவைத் திறந்து போட்ட கதை. பூட்டைத் தொடாமல் பெட்டியோடு தூக்கிவிடலாம். அதோடு, கோப்பு அவர்கள் கணக்குக்கே சொந்தமாக இருந்தால் 444ஐ அவர்களே 644 (சொந்தக்காரர் எழுதலாம், மற்றவர்கள் படிக்கலாம்) ஆக்கிக்கொள்வார்கள்.

இப்போது ஃபோல்டர் என் பெயரில் 755 (நான் மட்டும் எழுதலாம்), கோப்புகள் 644. எஃப்டிபியில் பாஸ்வேர்ட் மறைக்கப்படாமல் அப்படியே போகும் என்பதால், எல்லாவற்றையும் மறைத்து அனுப்பும் எஸ்எஃப்டிபிக்கு மாறிவிட்டேன். ஓப்பன்எஸ்எஸ்எச் என்ற மென்பொருளின் எஸ்எஃப்டிபி சர்வர் கட்டளையில் -R (பெரிய ஆர்) சேர்த்தால் படிக்க மட்டும்தான் விடும், பொதுக் கணக்குக்கு அதுதான். போட்டோ ஏற்றத் தனிக் கணக்கு, 'வரவு' என்று தனி ஃபோல்டர். கணக்கை ஒரு ஃபோல்டருக்குள் அடைத்து வைப்பதானால் அந்த மேல் ஃபோல்டர் ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்குச் சொந்தமாக, வேறு யாரும் எழுத முடியாததாக இருக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளேயே விடாது. நான் அரை நாள் முட்டிக்கொண்டது அங்கேதான்.

ஸ்டிக்கி பிட் (ஒரு ஃபோல்டரில் அடுத்த கணக்கின் கோப்பை அழிக்க விடாத அமைப்பு) போட்டிருக்கலாமே என்று யாராவது வருவீர்கள். என் பேரேடு தப்பியிருக்கும், சரி. ஆனால் எல்லோரும் ஒரே கணக்கு என்பதால், பொதுக் கணக்கில் ஒருவர் ஏற்றிய போட்டோவை இன்னொருவர் அழிப்பதை அது தடுக்காது.

பாஸ்வேர்ட் மாற்றிய அன்றே பதினோரு பேர் போன் செய்தார்கள். போன மழைக்கு ஓடு மாற்றப் பங்குப் பணம் கேட்டு நான் கூப்பிட்டபோது எடுத்தவர்கள் இரண்டு பேர்.