பூங்காவில் இரண்டு மரங்கள் இருந்தால் போதுமா?

"எங்கள் நிலத்தில் அரிய நாட்டு மரங்கள் ஏழு நிற்கின்றன, வீடு கட்ட அவற்றை வெட்ட வேண்டியிருக்கிறது. தாவரவியல் பூங்காவில் இதே மரம் இரண்டு இருப்பதால் இனம் அழியாது என்கிறார் ஒருவர். விதைகளைத் தம்மிடம் கொடுத்தால் பூங்காவில் சேர்த்துவிடுவதாகவும் கூறுகிறார். நம்பலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

நம்ப வேண்டாம். பூங்காவில் நிற்கும் இரண்டும் ஒரே தாய்மரத்தின் பிள்ளைகளாக இருக்கலாம். தென்னாப்பிரிக்கக் காட்டில் 1895-இல் கண்டறியப்பட்ட என்செபலார்டோஸ் வூடி என்னும், பார்வைக்குப் பனை போன்ற சைகாட் வகையில் கிடைத்தது ஒரே ஓர் ஆண் மரம்தான். இன்று பல நாட்டுப் பூங்காக்களில் அது செழித்து நின்றாலும், அனைத்தும் அந்த ஒன்றிலிருந்து பிரித்து நட்ட கன்றுகளே. பெண் மரம் இன்றுவரை கிடைக்காததால் அது தன் இனத்து விதையைத் தர முடியாமல் நிற்கிறது. மறுபுறம், பிராங்க்ளினியா மரத்தை அமெரிக்கக் காட்டில் கடைசியாகக் கண்டது 1803-இல். அதற்கு முன்பே தாவரவியலாளர்களான பார்ட்ரம் குடும்பத்தினர் விதை எடுத்துத் தோட்டத்தில் வளர்த்ததால்தான் அது இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆகவே பூங்காவால் இனத்தைக் காக்க முடியும். ஆனால் போதுமான தாய்மரங்களின் விதை அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். விதைகளை உலர்த்திக் குளிரில் சேமிக்கும் விதை வங்கிகள் இயன்றால் 50 தாய்மரங்களிலிருந்து சேகரிப்பது இதற்காகத்தான். காட்டில் தானாக முளைக்கவும் விதை மிஞ்ச வேண்டும் என்பதால், அன்று முற்றியிருக்கும் விதையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அவை எடுப்பதில்லை. உங்கள் ஏழு மரங்களின் மதிப்பு இப்போது புரியும்.

இடைத்தரகர்களைப் பற்றி அழுத்தமாகவே எச்சரிக்கிறேன். நான் பணியாற்றிய இடத்துக்கு ஒருமுறை கோணிப்பை நிறைய விதை வந்தது. எந்த மரம், எந்த இடம், எந்த நாள் என்று கேட்டதற்குக் கொண்டுவந்தவரிடம் பதில் இல்லை. பை முழுவதும் வீணாயிற்று. சேகரித்த இடமும் நாளும் தெரியாத விதைக்குப் பூங்காவின் பதிவேட்டில் பதிவு எண் கிடையாது, பதிவு எண் இல்லாத செடியைக் காட்டில் மீண்டும் நடவும் முடியாது. பூங்காவுக்கென்று வாங்கிய விதையை நாற்றாக்கி 'அரிய மரம்' என்று விற்பவர்களும் உண்டு. பூங்கா மரத்தடியில் பொறுக்கிய விதை என்று சொல்லி விற்கும் நாற்றுகளையும் வாங்காதீர்கள். பக்கத்துப் பாத்தியில் நிற்கும் உறவு இனத்தின் மகரந்தம் கலந்து, அவை கலப்பினமாகியிருக்கக்கூடும்.

விதையைக் காயவைத்துக் கொடுத்தால் போதும் என்றும் எண்ண வேண்டாம். பெரும்பாலான விதைகளை நன்கு உலர்த்தி, உறைநிலைக்குக் கீழே 20 டிகிரி செல்சியஸில் வைத்தால் பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கும். ஆனால் மா, பலா, ரப்பர், ஓக் போன்றவற்றின் விதைகள் உலர்ந்தால் செத்துவிடும். ஈரப்பசை மிகுந்த காடுகளின் பெரிய விதை மரங்கள் பல இந்த வகைதான். உங்கள் மரமும் அப்படியானால் வெயிலில் பரப்பிய சில நாட்களிலேயே எல்லாம் போய்விடும், விதை வங்கியாலும் அதைக் காக்க முடியாது. அத்தகைய மரத்தை உயிருள்ள மரமாகவே காக்க வேண்டும். எந்த வகை என்று தெரியும்வரை உலர்த்தாதீர்கள்; ஈரம் காக்கும் காற்றோட்டமான பையில் நிழலில் வைத்து, ஓரிரு நாளில் சேர்ப்பியுங்கள்.

காய் முற்றுவதற்கு மாதங்கள் முன்பே, பூவும் இலையும் தெரியும் படத்துடன் பூங்காவின் செடித் தொகுப்பைக் கவனிக்கும் பொறுப்பாளருக்கு நேரடியாக எழுதுங்கள். மலர்க் கண்காட்சிக்குப் பணம் ஒதுக்கும் நிர்வாகங்கள் பதிவேடு எழுத ஓர் ஆளை நியமிக்காமல் ஆண்டுகளைக் கடத்துகின்றன. விதை சேகரிப்பதற்கான அனுமதிக் கடிதம் கைக்கு வருவதற்குள் விதை உதிர்ந்து முளைத்து மடிந்துவிடுகிறது. அதனால் மீண்டும் மீண்டும் கேளுங்கள். அவர்கள் ஏழு மரங்களிலிருந்தும் தனித்தனியாக விதை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பதிவு எண் கொடுக்கும்வரை வெட்டாதீர்கள். அதற்குள் வீட்டின் வரைபடத்தைச் சற்றே நகர்த்தினால் எத்தனை மரங்கள் தப்பும் என்பதையும் கட்டடப் பொறியாளரிடம் கேட்டுவிடுங்கள்.