பழைய கித்தான் கூடாரத்தில் "மழையில் துணியைத் தொடாதே" என்பார்களாமே, ஏன்?

1950, 60களில் இங்கிலாந்தில் பெற்றோரோடு கூடாரமடித்து விடுமுறையைக் கழித்த பெரியவர்கள் சொல்லும் இந்த எச்சரிக்கை உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்மைதான். அன்றைய கூடாரம் பருத்திக் கித்தான். நனைந்ததும் நூல் உப்பி நெசவின் இடைவெளிகள் அடைபடும். மிச்சமிருக்கும் நுண்கண்களில் பரப்பு இழுவிசை தண்ணீரை உள்ளே விடாமல் பிடித்து வைக்கும். உள்ளிருந்து விரலோ தலையணையோ பட்டால் அந்தப் பிடி விட்டு, பட்ட இடத்தில் சொட்டும். உடனே சொட்டும் இடத்தில் விரலை வைத்து, துணியின் கீழ்விளிம்பு வரை ஒரே கோடாக இழுத்துவிட வேண்டும். தண்ணீர் அந்த ஈரத்தடத்திலேயே வழிந்து இறங்கிவிடும். புதுக் கித்தானை முதல் பயணத்துக்கு முன்பே நன்றாக நனைத்துக் காயவிடுவதும் நூல் இறுகத்தான்.

குழந்தைகள் கவனிக்காத இன்னொரு வேலை கயிறு. பருத்தி, சணல் கயிறுகள் நனைந்தால் சுருங்கும். விறைப்பாகக் கட்டியிருந்தால் முளை பிடுங்கிக்கொள்ளும், இல்லையென்றால் துணியில் கயிறு கோக்கும் கண் கிழியும். மழை வந்ததும் அப்பா டார்ச்சோடு வெளியே போவது, கயிற்றில் கோத்த மரக்கட்டையை நகர்த்திக் கொஞ்சம் தளர்த்தத்தான். நைலான் கயிறு இதற்கு நேர்மாறு, நனைந்தால் தொய்யும். அதில் பழகியவர்கள் பழைய கூடாரத்தில் தவறுவது இங்கேதான். முளையைக் கொட்டாப்புளியால் அடிக்கும்போது அதன் தலை கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும்.

தரைவிரிப்பு தனித் துண்டு. அதன் ஓரம் சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், சுவரில் வழியும் மழைநீர் நேராகப் படுக்கைக்கு அடியில் வந்துவிடும். நான்கு பக்கமும் உள்ளே மடித்துவிடுங்கள். கம்பளியையும் மேலே போர்த்துவதைவிடக் கீழே அதிகம் விரிக்க வேண்டும். குளிர் தரையிலிருந்துதான் ஏறும்.

சமையலுக்குப் பிரைமஸ். 1892இல் சுவீடனின் லிண்ட்குவிஸ்ட் உருவாக்கியது, நம் வீட்டுப் பம்ப் ஸ்டவ்வின் மூதாதை. கிண்ணத்தில் ஊற்றிய ஸ்பிரிட் எரிந்து அடங்கும் தறுவாயில் காற்றுத் திருகை மூடிப் பம்ப் அடிக்க வேண்டும். சூடு போதாவிட்டால் மண்ணெண்ணெய் ஆவியாகாமல் பீறிட்டு, மஞ்சள் தீ உயர எழும். உடனே திருகைத் திறந்துவிடுங்கள். கித்தானுக்கு அருகில் இதை ஏற்றவே கூடாது. மூடிய கூடாரத்துக்குள் கார்பன் மோனாக்சைடு உயிரையே எடுத்துவிடும்.

ஈரத்தோடு சுருட்ட நேர்ந்தால், வீடு வந்ததும் முதல் வேலையாகக் கொடியில் விரியுங்கள். பூஞ்சணத்தின் கரும்புள்ளி எத்தனை துவைத்தாலும் போகாது, அந்த இடத்தில் நூலும் இற்றுப்போகும்.