விக்டோரியன் காலத்துல பணத்துக்காக கல்யாணம் பண்ணிட்டு அப்புறம் லவ் வருமா?

கதைகள்ல வர்ற முதல் பாதி அப்பட்டமான நிஜம்ங்க, ரெண்டாவது பாதிதான் டவுட்டு.

1870கள்ல இருந்து அமெரிக்க கோதுமை சீப்பா இறங்க ஆரம்பிச்சதும் இங்கிலாந்து பிரபுக்களோட நில வருமானம் படுத்துடுச்சு, ஆனா அரண்மனை, வேலையாள், கெத்து எல்லாத்துக்கும் செலவு அப்படியேதான் இருக்கு, அதனால பணக்கார வீட்டுப் பொண்ணா பாத்து கட்டுனாங்க. 1895ல நியூயார்க்ல நடந்த கான்சுலோ வாண்டர்பில்ட்ங்கற அமெரிக்க ரயில்வே கோடீஸ்வர வீட்டுப் பொண்ணோட கல்யாணத்தையே எடுத்துக்கோங்க. பொண்ணுக்கு 18 வயசு, மாப்பிள்ளை மார்ல்பரோ டியூக், பிளெனிம் அரண்மனைக்காரர், சர்ச்சிலோட கசின். 25 லட்சம் டாலர் மதிப்புள்ள ரயில்வே பங்கு கைமாறுச்சு. அவ மனசுல வேற ஒருத்தர் இருந்தாரு, அம்மா ஆல்வா விடவே இல்ல. நம்மூர் சீரியல் அம்மாக்கள்லாம் இவங்ககிட்ட பிச்சை வாங்கணும்!

இன்னொண்ணு, இங்கிலாந்துல கல்யாணமான பொண்ணுங்களுக்கு சொத்துரிமை குடுத்த 1882 சட்டம் வர்றதுக்கு முன்னாடி பொண்டாட்டியோட பணம், நகை எல்லாம் பெரும்பாலும் புருஷன் கைக்குத்தான் போகும், அதான் வசதியான அப்பாக்கள் கல்யாணத்துக்கு முன்னாடியே வக்கீல் வச்சு டிரஸ்ட் மாதிரி எழுதிடுவாங்க. எனக்கென்னவோ கதையில அந்த பேரம் பேசுற சீன்தான் ரொம்ப சுவாரசியம், பால்ரூம் டான்ஸ் எல்லாம் அப்புறம்.

லவ் வந்துச்சான்னா, கான்சுலோ-டியூக் ஜோடிக்கு வரல. ரெண்டு பையன் பொறந்தும் 1906ல பிரிஞ்சு, 1921ல டைவர்ஸ். 1926ல கல்யாணமே செல்லாதுன்னு சர்ச்ல கேஸ் நடந்தப்போ, நான்தான் கட்டாயப்படுத்துனேன்னு சாட்சி சொன்னது யாரு தெரியுமா, அதே ஆல்வாதான்.