வீட்டுக்கு கேமரா வாங்குறீங்களா? படம் எங்க போய் சேருதுன்னு கேளுங்க

கேள்வி: வீட்டுக்காரர் சிங்கப்பூர்ல இருக்காரு. இங்க மன்னார்குடி பக்கத்துல பழைய ஓட்டு வீடு, மாமியார், நான், ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. முற்றத்துல ஒரு சுத்துற வைஃபை கேமரா மாட்டச் சொல்றாரு, ஆன்லைன்ல 2,000 ரூவா தான். கம்பெனிக்காரன்ல இருந்து கவர்மெண்ட் வரைக்கும் எல்லாரும் பாப்பாங்கன்னு தங்கச்சி பயமுறுத்துறா. வாங்கலாமா?

பதில்: வாங்கலாம்மா, ஆனா முற்றத்துல வேணாம். நம்ம ஊரு வீட்ல முற்றம்னா தலை குளிச்சிட்டு வந்து முடி காய வைக்கிற இடம், புள்ளைங்க துணி மாத்திக்கிட்டே ஓடுற இடம், மாமியார் மத்தியானம் காத்தாட படுக்கிற இடம். திருடன் வர்ற வழி வாசலும் கொல்லக் கதவும் தான், அங்க ரெண்டு கேமரா வெளிய பாத்த மாதிரி போதும். உள்ள வச்சே ஆகணும்னு அவரு நின்னா முதல்ல மாமியார்கிட்ட கேக்கச் சொல்லுங்க. 2025ல கல்கத்தா ஹைகோர்ட்ல இதே மாதிரி ஒரு குடும்ப கேஸ் வந்துச்சு, கூட குடியிருக்கவங்க சம்மதம் இல்லாம வீட்டுக்குள்ள கேமரா வைக்கிறது அவங்க பிரைவசிய மீறுறதுன்னு சொல்லிட்டாங்க, சுப்ரீம் கோர்ட்டும் அந்த தீர்ப்ப மாத்தல.

தங்கச்சி சொல்றதுல பாதிக்கு மேல உண்மை இருக்கு. இந்த மாதிரி கேமராவுல கிளவுட் (பதிவ நெட் வழியா கம்பெனிகிட்ட சேத்து வைக்கிற வசதி) ஆன் பண்ணி வச்சிருந்தா உங்க வீட்டு படம் முதல்ல கம்பெனி சர்வருக்குப் போகுது, அங்க தங்குது, அங்க இருந்து தான் சிங்கப்பூர் போனுக்கு வருது. அந்த நடுவுல இருக்க இடம் தான் பிரச்சனையே. அமெரிக்கால அமேசானோட ரிங் கேமரா எடுத்துக்கோங்க, பொம்பளைங்க பெட்ரூம் பாத்ரூம்ல வச்சிருந்த கேமரா வீடியோவ அந்த கம்பெனி ஆளுங்களே பாத்திருக்காங்கன்னு அந்த ஊரு வர்த்தக கமிஷன் கேஸ் போட்டு 2023ல 58 லட்சம் டாலர் கட்ட வச்சுது. அதே கம்பெனி 2022ல, வீட்டுக்காரங்க சம்மதம் இல்லாமலே அவசரம்னு சொல்லி போலீசுக்கு 11 தடவ வீடியோ குடுத்தோம்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க. இங்க குஜராத் ராஜ்கோட்ல 2025ல ஒரு பிரசவ ஆஸ்பத்திரி கேமரா படமெல்லாம் டெலிகிராம்ல வித்திருக்கானுங்க, அந்த கேமரா பாஸ்வேர்ட் அட்மின்123ன்னு அப்படியே கெடந்துச்சாம். படிச்சப்ப எனக்கு மனசே ஆறல, வைத்தியம் பாக்க வந்த பொம்பளைங்க என்ன பாவம் பண்ணாங்க.

அதனால கடைல கேக்க வேண்டிய முதல் கேள்வி பிராண்டோ மெகாபிக்சலோ இல்ல, ரெக்கார்டு எங்க சேருதுங்கறது தான். மெமரி கார்டுலயோ வீட்ல வைக்கிற டிவிஆர், என்விஆர்ங்கற பதிவுப் பெட்டிலயோ சேருற மாதிரி வாங்குங்க, கிளவுட் திட்டத்த ஆன் பண்ணாதீங்க. அவரு அங்க இருந்து லைவா பாக்கலாம், அப்ப மட்டும் படம் கம்பெனி சர்வர் வழியா போகலாம், ஆனா பழைய பதிவு வீட்லயே இருக்கும். கேமரா வர்ற அட்டைப் பெட்டில ஆர்-னு ஆரம்பிக்கிற பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைப்பு) நம்பர் இருக்கான்னு பாருங்க, பிஐஎஸ் கேர் ஆப்ல அத போட்டா நிஜமா போலியான்னு தெரியும். 2025 ஏப்ரல் 9ல இருந்து புதுசா வர்ற சிசிடிவி மாடல் எல்லாம் பாதுகாப்பு சோதனை முடிச்சு தான் விக்கணும்னு மத்திய அரசு ரூல் போட்டிருக்கு, அதனால பழைய ஸ்டாக்க மலிவா தள்றேன்னு வந்தா வாங்காதீங்க. மாட்ட வர்ற பையன் போன்லயே ஆப் போட்டு செட் பண்ணிட்டு போயிடுவான், அத விடாதீங்க, உங்க போன்ல உங்க நம்பர்ல அக்கவுண்ட் ஆரம்பிங்க, பாஸ்வேர்ட மாத்துங்க, ஓடிபி கேக்குற ரெண்டாவது பூட்டையும் போட்டுருங்க. மைக்க ஆஃப் பண்ணிருங்க, வாசல்ல நின்னு பேசுறதெல்லாம் பதிவாகணும்னு என்ன அவசியம்.

கேள்வி: கும்பகோணம் பக்கம் விவசாயி நான். போர்செட் மோட்டார் ஒயர ரெண்டு தடவ அறுத்துட்டு போயிட்டானுங்க. வயல்லயும் வீட்லயும் கேமரா போடலாம்னு இருக்கேன். ஆனா எங்க விவசாய சங்கக் கூட்டம் எங்க வீட்டுத் திண்ணைல தான் நடக்கும். யாரு வராங்க போறாங்கன்னு போலீஸ் அந்த கேமரால பாத்துருவாங்களா? கேட்டா நான் மறுக்க முடியுமா?

பதில்: ஐயா, இத நீங்க கேட்டதுக்கு நன்றி, டெல்டால இது நெறைய பேருக்கு இருக்க பயம். 2017ல கதிராமங்கலத்துல எண்ணெய்க் குழாய் கசிஞ்சு ஊரே தெருவுக்கு வந்தப்ப எத்தன பேர் மேல கேஸ் விழுந்துச்சுன்னு நமக்கு மறக்கல. சங்கம் கூடி பேசுறது குத்தமில்ல, திண்ணைல உக்காந்து பேச வர்ற ஆளு தன் முகம் எங்க போய் சேருமோன்னு யோசிக்க ஆரம்பிச்சா அடுத்த கூட்டத்துக்கு வர மாட்டான், அது தான் எனக்கு பெரிய கவலை.

போலீஸ் ஸ்டேஷன்ல உக்காந்துக்கிட்டு பட்டன் தட்டி உங்க கேமராவ பாக்குறது சாதாரணமா நடக்குற காரியம் இல்ல. கேக்குற வழி ரெண்டு இருக்கு. ஒன்னு, உங்ககிட்டயே கேக்குறது. பிஎன்எஸ்எஸ்ங்கற புது குற்றவியல் நடைமுறைச் சட்டம் 94வது பிரிவுல (பழைய சிஆர்பிசி 91) விசாரணைக்கு தேவைன்னா ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரி எழுத்துல உத்தரவு குடுத்து பதிவ கேக்கலாம், கோர்ட்டும் சம்மன் அனுப்பலாம். வாய்ல கேட்டா, எழுதிக் குடுங்க சார்னு மரியாதையா சொல்லலாம், அது மறுக்குறது ஆகாது. எந்த நாள், எத்தன மணில இருந்து எத்தன மணி வரைக்கும்னு கேட்டு அத மட்டும் பென்டிரைவ்ல குடுங்க. பெட்டியவே தூக்கிட்டு போனா மகஜர் (என்ன எடுத்துட்டு போறாங்கன்னு எழுதுற பட்டியல்) நகல் கேட்டு வாங்கிக்கங்க. கேட்டதுக்கு அப்பறம் மட்டும் எதையும் அழிக்காதீங்க, அது தனி குத்தம்.

ரெண்டாவது வழில உங்களுக்கு தெரியவே தெரியாது. ஐடி சட்டம் (தகவல் தொழில்நுட்பச் சட்டம்) 69வது பிரிவுல மத்திய, மாநில உள்துறை செயலாளர் உத்தரவு போட்டா கம்பெனி தன்கிட்ட இருக்கறத குடுத்தே ஆகணும், குடுக்காட்டி 7 வருஷம் வரைக்கும் ஜெயில், அத ரகசியமாவும் வச்சுக்கணும். 2018 டிசம்பர்ல மத்திய அரசு 10 அமைப்புகளுக்கு இந்த அதிகாரத்த குடுத்துச்சு. 2017 ஆகஸ்ட் 24ல சுப்ரீம் கோர்ட் 9 நீதிபதிகள் பிரைவசி அடிப்படை உரிமைன்னு சொன்னது நெசம், ஆனா 2023ல வந்த தனிநபர் தரவு சட்டம் அரசு அமைப்புகளுக்கு பெரிய விலக்கு வச்சிருக்கு, அது தப்புங்கறது என்னோட கருத்து. கம்பெனிகிட்ட உங்க படம் இருந்தா தானே அங்க போய் கேப்பாங்க. அதனால திண்ணை பக்கம் கிளவுட் வேணவே வேணாம். கேமராவ தெருவ பாத்து திருப்புங்க, ஆப்ல பிரைவசி மாஸ்க்னு ஒன்னு இருக்கும், திண்ணை வர்ற பகுதிய அதுல கறுப்பா மறைச்சிரலாம். கூட்ட நேரத்துல பிளக்க புடுங்கிட்டாலும் யாரும் கேக்க முடியாது, உங்க வீடு.

வயலுக்கு நேர் எதிரா சொல்றேன். அங்க வைஃபை கெடைக்காது, மோட்டார் கரண்ட்ட நம்பவும் முடியாது, சிம் போடுற சோலார் கேமரா தான் சரி. அதுக்கு கிளவுட் வச்சுக்கங்க, ஏன்னா திருடன் கேமராவையே கார்டோட கழட்டிட்டு போயிருவான், மோட்டார் கொட்டகைல மறைக்க நமக்கு என்ன இருக்கு. வீட்டு கேமரா அக்கவுண்ட்டோட மட்டும் இத சேக்காம வேற நம்பர்ல போடுங்க.

கேள்வி: மயிலாடுதுறைல வாடகை வீடு. பக்கத்து வீட்டு கேமரா எங்க கொல்ல பாத்ரூம் வாசல பாத்து இருக்கு. சொன்னா கேக்க மாட்டேங்குறாங்க.

பதில்: முதல்ல போட்டோ எடுத்து வச்சுக்கிட்டு, எங்க பக்கத்த மாஸ்க் பண்ணுங்கன்னு எழுதியே குடுங்கம்மா. அப்பயும் கேக்காட்டி மகளிர் காவல் நிலையத்துல புகார் குடுங்க. அந்தரங்க உறுப்ப சம்மதம் இல்லாம படம் எடுத்தா ஐடி சட்டம் 66இ-ல 3 வருஷம் வரைக்கும் ஜெயில் இல்லன்னா 2 லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டுமே, பொம்பளைங்கள மறைஞ்சு படம் எடுக்குறதுக்கு பிஎன்எஸ்ங்கற புது தண்டனைச் சட்டத்துல 77வது பிரிவும் இருக்கு. அது வரைக்கும் ஒரு கீத்துத் தட்டி கட்டிருங்க, வெக்கப்பட ஒன்னும் இல்ல.

கேள்வி: பழைய டிவிஆர எக்ஸ்சேஞ்ச்ல போடலாமா?

பதில்: போடலாம், ஆனா உள்ள இருக்க ஹார்ட் டிஸ்க்க கழட்டி வீட்ல வச்சுக்கிட்டு போடுங்க. டெலிட் பண்ணாலும் திரும்ப எடுத்துரலாம். ஆப்ல இருந்து அந்த பெட்டிய நீக்கிட்டு ஃபேக்டரி ரீசெட்டும் பண்ணிருங்க. டிஸ்க் இல்லன்னு கடைக்காரர் கொஞ்சம் கொறச்சு தான் எடுப்பாரு, பரவால்ல.