பைதனில் வினவலுக்கு ஆகும் நேரத்தை அளந்தால் ஏன் தப்பாக வருகிறது?

கல்முனை நெல் மில் ஒன்றுக்கு எழுதிய பைதன் புரோகிராமில் பெரும்போகக் கொள்வனவுப் பட்டியல் வர 3 செக்கன் ஆகிறது, அளந்தால் 0.002 செக்கன்தான் காட்டுகிறது, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் பாவிப்பது எஸ்கியூலைட் என்ற தரவுத்தளம். அதில் வினவலை, அதாவது தரவு கேட்கும் கட்டளையை, ஓட்டும் 'எக்ஸிகியூட்' முடிந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தமில்லை. விடையாக வரும் தரவு வரிகளை எடுக்க எடுக்கத்தான் பெரும்பாலும் தேடலே நடக்கும். நீங்களோ புரோகிராமின் அடுத்த வரியிலேயே மணிக்கூட்டை நிறுத்திவிட்டீர்கள். லொறியிலிருந்து மூட்டை இறங்க முதலே கணக்கை மூடின மாதிரி. எல்லா வரிகளையும் எடுக்கும் 'ஃபெட்ச்ஆல்' முடிந்த பிறகு நிறுத்துங்கள்.

அப்புறம், அளக்கக் கணினி மணிக்கூட்டைப் பார்க்கும் 'டைம்.டைம்' வேண்டாம். கணினி இணையத்தைப் பார்த்து நேரத்தைத் திருத்தினால் அது தாவும். இடைவெளி அளக்கவே பைதனில் இருக்கும் 'பெர்ஃப்_கவுண்டர்' பின்னோக்கிப் போகாது.

ஒரே ஓட்டத்தை நம்பாதீர்கள். முதல் தடவை வட்டிலிருந்து வாசிக்கும், அடுத்த தடவை பெரும்பாலும் நினைவகத்திலிருந்து. 10 தடவை ஓட்டி இடையத்தை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் அளவை, எடுங்கள். சராசரியை ஒரேயொரு மந்தமான ஓட்டம் கெடுத்துவிடும். ஆனால் மில்காரர் காலையில் முதன்முதல் திறக்கும்போது காத்திருப்பது அந்த முதல் ஓட்டத்துக்குத்தான், அதையும் தனியாகக் குறித்து வையுங்கள்.

பின்னர் சேர்வரில் ஓடும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கு மாறி சேர்வரைக் கொழும்பில் வைத்தால், அதன் 'எக்ஸ்பிளெய்ன் அனலைஸ்' கட்டளை சேர்வருக்குள் ஆன நேரத்தைக் காட்டும். உங்கள் அளவில் அதற்கு மேல் வருவது பெரும்பாலும் வலையமைப்பில் போகும் நேரமும், வந்த தரவு வரிகளைப் பைதன் தன் பொருள்களாக (object) மாற்றும் நேரமும்தான்.