கொம்பியூட்டர் கேள்வி – பதில்: பேக்கப் இருக்கிறது, லைசன்ஸ் எங்கே?

கேள்வி: பரந்தனில் ஒரு அரிசி ஆலையில் கணக்குப் பார்க்கிறேன். போன மாதம் மின்னல் அடித்ததில் கணக்கு ஓடிய கொம்பியூட்டர் எரிந்துவிட்டது. பேக்கப் வெளி ஹார்ட் டிஸ்கில் பத்திரமாக இருந்தது. அதை அப்படியே வேறொரு கொம்பியூட்டரில் ஏற்றினால், கணக்கு மென்பொருள் 'இந்தக் கணினிக்கு லைசன்ஸ் இல்லை' என்று சொல்கிறது. திரும்பவும் காசு கட்ட வேண்டுமா அண்ணை?

பதில்: அவசரப்பட்டுக் கட்டிவிடாதீர்கள் தம்பி. உங்கள் பேக்கப்பில் பிழை இல்லை. இப்படியான மென்பொருள்கள் பல, முதல் தடவை கீ (வாங்கும்போது தருகிற லைசன்ஸ் குறியீடு) போடும்போதே மதர்போர்டு, நெட்வேர்க் கார்ட், டிஸ்க் இவற்றின் இலக்கங்களை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் ஒத்துப்பார்க்கும். நீங்கள் கோப்புகளைக் கொண்டுவந்தீர்கள், இலக்கங்கள் எரிந்த பெட்டியோடு போய்விட்டன. ஆள் மாறிவிட்டது என்று அது நினைக்கிறது, அவ்வளவுதான்.

பழைய கொம்பியூட்டர் உயிரோடு இருந்தால் அதிலேயே 'டீஆக்டிவேட்' (பதிவை விடுவிக்கிற கட்டளை) கொடுத்துவிட்டுப் புதியதில் போடலாம். செத்துப்போனால் விற்றவர்தான் தன் பக்கத்தில் பழைய பதிவை விடுவிக்க வேண்டும், அதற்கு அவர் கேட்பது பில்லும் கீயும் பதிவு செய்த மின்னஞ்சலும். அதுவரைக்கும் கீயைத் திரும்பத் திரும்ப அடித்துப் பார்க்காதீர்கள், சில மென்பொருள்கள் இத்தனை தடவைதான் என்று கணக்கு வைத்துப் பூட்டிவிடும். யூஎஸ்பி டொங்கிள் (லைசன்ஸ் இருக்கிற, பென் டிரைவ் மாதிரியான சின்னக் குச்சி) குத்தி ஓடுகிற மென்பொருள் என்றால், பழைய பெட்டியின் பின்பக்கம் கையை விட்டுப் பாருங்கள், எரியாமல் இருந்தால் கழற்றிப் புதியதில் குத்தினால் பெரும்பாலும் போதும்.

விண்டோஸையும் ஒருக்கால் பாருங்கள். விண்டோஸ் பொத்தானையும் R எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் வருகிற ரன் பெட்டியில் எஸ்.எல்.எம்.ஜி.ஆர். என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு டி.எல்.ஐ. என்று (slmgr /dli) கொடுத்தால் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் ஓஈஎம் என்றிருந்தால் அந்த லைசன்ஸ் கொம்பியூட்டரோடு வந்தது, அதோடேயே போய்விடும். ரீட்டெய்ல் என்றிருந்தால் தனியாக வாங்கியது, வேறு பெட்டிக்கு மாற்றலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றில்தான்.

கேள்வி: முல்லைத்தீவில் எங்கள் சங்கத்தின் சேர்வருக்கு ஏதும் நடந்தால் என்று வவுனியாவில் இன்னொன்றைத் தயாராக வைக்கப் போகிறோம். இரண்டிலும் ஒரே எஸ்கியூஎல் சேர்வர் (மைக்ரோசொஃப்டின் தரவுத்தள மென்பொருள்) கீயைப் போடலாமா?

பதில்: போட்டால் பெரும்பாலும் ஓடும். போடலாமா என்பது வேறு கதை. 2019 நவம்பரில் இருந்து, மைக்ரோசொஃப்டின் சொஃப்ட்வெயார் அஷூரன்ஸ் என்கிற லைசன்ஸ் பராமரிப்புச் சந்தா உயிரோடு இருக்கிறவர்களுக்கு, பேரிடருக்கென்று ஒதுக்கிய ஒரு மாற்றுச் சேர்வருக்கு எஸ்கியூஎல்லுக்குத் தனி லைசன்ஸ் தேவையில்லை. ஆனால் அது சும்மா இருக்க வேண்டும். 'வவுனியாச் சேர்வர் சும்மாதானே கிடக்கிறது, மாத அறிக்கையை அதில் எடுப்பம்' என்று ஒருவர் தொடங்கினால் அந்த நாளோடு முழு லைசன்ஸ் கேள்வி வந்துவிடும். எங்கள் ஆக்கள் கட்டாயம் தொடங்குவார்கள், ஆகவே இப்போதே சொல்லி வையுங்கள். சந்தா இல்லாவிட்டால் இரண்டாவதற்கும் வாங்கத்தான் வேண்டும். அதற்கு முதல், உங்கள் தரவுத்தளம் எவ்வளவு பெரிது என்று பாருங்கள்: 2022 பதிப்பு வரை, எஸ்கியூஎல் சேர்வரின் இலவச வடிவமான எக்ஸ்பிரஸ் ஒரு தரவுத்தளத்துக்கு 10 ஜிபி தருகிறது. சின்னச் சங்கத்துக்கு அதுவே காணும்.

விஎம்வெயாரில் (ஒரு கொம்பியூட்டருக்குள் இன்னொரு கொம்பியூட்டரை ஓட்டுகிற மென்பொருள்) ஓடுகிற மெஷினை மற்றச் சேர்வருக்குக் கொண்டுபோய்த் திறந்தால் 'நகர்த்தினீர்களா, பிரதி எடுத்தீர்களா' என்று கேட்கும். பிரதி என்று அழுத்தினால் அடையாள இலக்கமும் மேக் முகவரியும் (நெட்வேர்க் கார்டின் இலக்கம்) மாறும், அவற்றை நம்பியிருக்கிற லைசன்ஸ்கள் விழும். உண்மையான இடரில் 'நகர்த்தினேன்' என்று கொடுங்கள். ஒத்திகை பார்க்கும்போது பழையதும் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால், இரண்டும் மோதாமல் நெட்வேர்க் கேபிளைக் கழற்றிவிட்டுத் திறவுங்கள்.

கேள்வி: எல்லாக் கீயையும் ஒரு எக்செல் கோப்பில் எழுதி சேர்வரிலேயே வைத்திருக்கிறேன். சரிதானே? – ஒரு வாசகர், மாங்குளம்

பதில்: சரியில்லை. சேர்வர் போனால் அந்தக் கோப்பு பேக்கப்பில் இருக்கும், பேக்கப்பைத் திறக்க அதன் மென்பொருளும் கடவுச்சொல்லும் வேண்டும், அவையும் அந்தக் கோப்பிலேயே இருக்கும். அச்செடுத்து பில்லோடு சேர்த்து வேறு கட்டடத்தில் வையுங்கள். 2018 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு 'வேறு அறை' போதாது என்று தெரியும். பிட்லொக்கர் (டிஸ்கைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்புக் கீயும் அந்தத் தாளில் வர வேண்டும். அப்புறம், லைசன்ஸ் எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். பல இடங்களில் அது, முதலில் மென்பொருளை ஏற்றித் தந்துவிட்டு இப்போது கனடாவில் இருக்கிற ஒரு தம்பியின் சொந்த முகவரி. அவர் அழைப்பை எடுக்கிற காலத்திலேயே நிறுவன முகவரிக்கு மாற்றிவிடுங்கள்.